"முன்பு நான் போய்..." 18 வருடமாகத் தள்ளிப்போடுகிறேன், உங்கள் கருத்து வேண்டும்

வலைகழுவுகிறவன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வாரமாக லூக்கா 9-ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களைத் தாண்ட முடியாமல் இருக்கிறேன். வழியில் மூன்று பேர் இயேசுவிடம் பேசுகிறார்கள். நடுவில் இருப்பவன் "முன்பு நான் போய் என் தகப்பனை அடக்கம்பண்ண" வேண்டும் என்கிறான். மூன்றாமவன் "உம்மைப் பின்பற்றுவேன், ஆனாலும் முன்பு நான் போய்" வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்கிறான். இரண்டு பேரும் மறுக்கவில்லை, வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். இடையில் அந்த "முன்பு" மட்டும் இருக்கிறது.

எனக்கு 19 வயதில் ஒரு வாலிபர் முகாமில் ஒப்புக்கொடுத்தேன். அது பொய்யில்லை, இன்றைக்கும் அந்த இரவு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் படிப்பு முடியட்டும் என்றேன். வேலை கிடைக்கட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும், கடன் தீரட்டும், பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது 37. அம்மா எங்களோடு இருக்கிறார், உடம்பு சரியில்லை. அடுத்த "முன்பு" என்னவென்று எனக்கே தெரிகிறது, அதை எழுதக் கை வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போயிருக்க வேண்டுமா? இனிமேலாவது போக வேண்டுமா? ஒவ்வொரு "முன்பும்" நியாயமான காரணம்தான், சோம்பலால் சொன்னது எதுவும் இல்லை. அதனால்தான் குழம்புகிறேன். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

கலப்பைப்பிடி

பிரதர், நீங்கள் கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன். காரணம் நியாயமாக இருப்பதுதான் ஆபத்து. பாவமான காரணம் என்றால் மனச்சாட்சி குத்தும். நல்ல காரணம் குத்தாது, வருடக்கணக்காகக் கூடவே இருக்கும்.

அப்போஸ்தலர் 24-ல் ரோம தேசாதிபதி பேலிக்ஸைப் பாருங்கள். பவுல் அவனிடம் கைதியாக இருக்கிறார். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசும்போது அவனுக்குப் பயம் வருகிறது. அந்த நிமிடம் வார்த்தை அவனைத் தொட்டிருக்கிறது. அவன் சொன்னது என்ன? இப்போது போ, சமயம் வரும்போது கூப்பிடுகிறேன். கூப்பிடவும் செய்தான், அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். இரண்டு வருடம் முழுக்கப் பவுல் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் முதல் நாள் வந்த பயம் மறுபடி வந்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. வார்த்தை இருந்தது, பிரசங்கியும் இருந்தார், நடுக்கம் மட்டும் போய்விட்டது.

"இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, தள்ளிப்போட்டால் நேரம் போய்விடும் என்று எச்சரிக்கவில்லை. இருதயம் கடினப்படும் என்றுதான் எச்சரிக்கிறது. நாளைக்கு அதே அழைப்பு வரலாம், அதைக் கேட்கிற இருதயம் அதே இருதயமாக இருக்குமா?

மாற்கு 1:18 "உடனே அவர்கள் தங்கள் வலைகளை விட்டு, அவருக்குப் பின்சென்றார்கள்." அவ்வளவுதான் பிரதர். எழுந்திருங்கள்.

---

கோபுரக்கணக்கு

கலப்பைப்பிடி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதே வார்த்தைகளை நான் ஒரு மேடையிலிருந்து கேட்டு, என் வாழ்க்கை பல வருடம் சிதறியது. அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

21 வயது, கல்லூரிக் கடைசி வருடம். மூன்று நாள் கூட்டத்தின் கடைசி இரவு. "இன்றைக்கே முடிவெடு, நாளை உனக்கு இல்லை" என்றார்கள். எழுந்து முன்னால் போனேன். மறுநாளே படிப்பை விட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை, சொல்ல மட்டும் செய்தேன். பதினாலு மாதம் அந்த ஊழியத்தில் இருந்தேன். அனுப்பினவர்களுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது, நான் எதற்குத் தகுதி என்றும் யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் உடம்பும் மனமும் ஒன்றாக உடைந்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நாலு வருடம் வேதத்தைத் திறக்கவில்லை.

இயேசு "உடனே வா" என்று மட்டும் சொல்லவில்லையே. லூக்கா 14-ல் திரளான ஜனங்கள் பின்னால் வரும்போது திரும்பி நின்று, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டானா என்கிறார். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கப் போகிற ராஜா முதலில் உட்கார்ந்து யோசிக்க மாட்டானா என்கிறார். இரண்டிலும் ஆள் உட்காருகிறான்! கூட்டத்தைப் பார்த்து நின்று யோசியுங்கள் என்று சொல்கிற ஆண்டவர் அவர்.

---

கலப்பைப்பிடி

அண்ணா, உங்களுக்கு நடந்ததற்கு உண்மையாகவே வருந்துகிறேன். அனுப்பினவர்கள் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோபுரக் கணக்கைச் சொன்ன அதே பேச்சை, தனக்கு உண்டானதையெல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்குச் சீஷனாயிருக்க மாட்டான் என்றுதானே முடிக்கிறார்? கணக்குப் பார்த்தாலும் கடைசியில் வருகிற தொகை "எல்லாம்"தான். 18 வருடம் கணக்குப் பார்ப்பதற்கு அந்த வசனத்தில் இடம் இருக்கிறதா?

---

பழையசுருள்

இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவே சில விஷயங்களை வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "உடனே". மாற்கு இந்தக் கிரேக்கச் சொல்லை ஏறக்குறைய 40 முறை எழுதுகிறார். காய்ச்சலும் உடனே, குஷ்டரோகமும் உடனே, எல்லாமே உடனேதான். அது அவருடைய நடை. அதனால் அந்த ஒரு சொல்லின் மேல் பெரிய பாரம் வைக்கக் கூடாது. ஆனால் 20-ஆம் வசனத்தை யாரும் கவனிப்பதில்லை. "உடனே அவர்களையும் அழைத்தார்." அங்கே உடனே என்பது யாக்கோபுக்கும் யோவானுக்கும் சொன்னது இல்லை, இயேசுவுக்குச் சொன்னது. அவர்களைப் பார்த்தார், தாமதிக்காமல் கூப்பிட்டார். தகுதி வரட்டும், வலையைப் பழுதுபார்த்து முடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். நாம் ஓடுவதற்கு முன்னால் அவர் ஓடி வருகிறார்.

இரண்டாவது, அந்த மீனவர்கள் அன்றைக்குத்தான் அவரை முதல்முறை பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். யோவான் 1-ல் அந்திரேயா முதலில் யோவான்ஸ்நானனுடைய சீஷன். அவர் காட்டிக்கொடுத்து, இயேசு தங்கியிருந்த இடத்துக்குப் போய் அன்று அவரோடு இருந்து, அப்புறம் சீமோனைக் கூட்டிவருகிறான். கடற்கரையில் நடந்த "உடனே"வுக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. முன்பின் தெரியாத குரலுக்குப் பின்னால் அவர்கள் போகவில்லை.

மூன்றாவது, தகப்பனை அடக்கம் செய்ய நினைத்தவன். யூதர்கள் பொதுவாக இறந்த அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். தகப்பன் அப்போதுதான் இறந்திருந்தால் மகன் வழியில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான், வீட்டில் இருப்பான். அதனால் சிலர், தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவர் காலம் முடியட்டும் என்றுதான் அவன் கேட்டான் என்கிறார்கள். வேறு சிலர், அந்தக் காலத்து எருசலேம் பக்கம் இருந்த வழக்கத்தைக் காட்டுகிறார்கள். கல்லறையில் வைத்து ஒரு வருடம் கழித்து எலும்புகளை எடுத்துக் கல்பெட்டியில் வைப்பார்கள், அதற்காகத்தான் கேட்டான் என்கிறார்கள். எதுவானாலும் அவன் கேட்டது ஒரு மத்தியான நேரம் இல்லை. முடிவு தேதி இல்லாத ஒரு காத்திருப்பு.

நான்காவது, எலிசா. 1 இராஜாக்கள் 19. பன்னிரண்டு ஏர்மாடு பூட்டி உழுதுகொண்டிருக்கிறவன்மேல் எலியா தீர்க்கதரிசி தன் சால்வையைப் போட்டு அவனை அழைக்கிறார். அவனும் அப்பா அம்மாவை முத்தமிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்கிறான், எலியா தடுக்கவில்லை. ஆனால் எலிசா போய் என்ன செய்தான்? மாடுகளை அடித்து, ஏர்ச்சாமான்களையே விறகாக்கிச் சமைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டான். விடைபெறப் போனவன் திரும்பிவரும் வழியை எரித்துவிட்டு வந்தான். கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லை என்று இயேசு மூன்றாமவனிடம் சொன்னதும் கேட்டவர்களுக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்திருக்கும். விடைபெறுவதில் தவறில்லை. மாடும் ஏரும் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வருவதில்தான் சிக்கல்.

---

உப்புக்கல்

ஏரை எரிக்காமல் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தவன் நான்தான். இன்று இதைப் படிக்க வேண்டியிருந்தது. நன்றி ஐயா.

---

படகில்விடப்பட்டவள்

இரண்டு நாளாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

நீங்கள் எல்லாரும் படகை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் படகில் உட்கார்ந்திருந்த பக்கம். என் அப்பா அழைப்புக்கு உடனே கீழ்ப்படிந்தவர். எனக்கு எட்டு வயது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். கர்த்தர் பார்த்துக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் அவர் என் அம்மாவின் கைகளைக் கொண்டுதான் பார்த்துக்கொண்டார். இராத்திரி முழுக்கத் தையல் மிஷின் ஓடும் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்குவோம். அப்பா ஊர் ஊராகப் போவார். சாட்சி சொல்லும்போது "எல்லாவற்றையும் விட்டேன்" என்பார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, அந்த "எல்லாம்" நாங்கள்தான் என்று தெரியும்.

அப்பா நல்லவர். அவரால் இரட்சிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களை நேசிக்கிறேன். நானும் விசுவாசத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழைப்பு ஒருவருக்கு வந்தது, விலையை இன்னொருவர் கொடுத்தார்.

அண்ணா, உங்கள் அம்மா உங்களோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரை ஒரு "முன்பு" என்று மட்டும் பார்க்காதீர்கள்.

---

கலப்பைப்பிடி

அக்கா, படித்துவிட்டு நிறைய நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. "எழுந்திருங்கள்" என்று நான் எழுதிய வேகத்தில் இப்படி ஒரு வீட்டை யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள்.

---

பழையசுருள்

சகோதரி, படகில் விடப்பட்ட செபெதேயுவை, யாக்கோபு யோவானுடைய தகப்பனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை அது சரியாக்காது, அதற்காகச் சொல்லவும் இல்லை.

மாற்கு ஒரு சின்ன வார்த்தையைச் சேர்த்திருக்கிறார். தகப்பனை "கூலியாட்களோடு படவிலே விட்டு" என்கிறார். கிழவர் தனியாக வலையோடு தவிக்கவில்லை என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. அதே அதிகாரத்தில், சீமோன் இயேசுவைத் தன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறான், மாமியாரின் காய்ச்சல் நீங்குகிறது. வலையை விட்டவன் வீட்டை விடவில்லை. பல வருடம் கழித்துப் பவுல் 1 கொரிந்தியர் 9-ல், கேபா, அதாவது அதே சீமோன் பேதுரு, மனைவியோடு பிரயாணம் பண்ணுகிறான் என்று எழுதுகிறார். செபெதேயுவின் மனைவியோ மத்தேயு 27-ல் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் இருக்கிறார். பிள்ளைகளை இழந்த தாயாக இல்லை, தானும் பின்பற்றி வந்தவராக.

இன்னும் கடுமையானது மாற்கு 7. பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அவரே சிலுவையில் தொங்கும்போது தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்கிறார். தகப்பனை அடக்கம் செய்யக் கேட்டவனிடம், மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்றவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆதி சபையிலும் இப்படி ஒரு ஆள் உண்டு. எகிப்தின் அந்தோணியார், மூன்றாம் நூற்றாண்டு. ஏறக்குறைய 20 வயதில், பெற்றோர் இறந்த கொஞ்ச மாதத்தில், ஆலயத்தில் மத்தேயு 19:21 வாசிக்கப்படுவதைக் கேட்கிறார். உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற வசனம். வெளியே வந்ததும் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிடுகிறார். இதைவிட உடனே இருக்க முடியாது. ஆனால் முதலில் தங்கைக்கென்று ஒரு பங்கை வைத்தார். பிறகு அதையும் கொடுத்தபோது, அவளை நம்பிக்கையான பக்தியுள்ள பெண்களிடம் ஒப்படைத்த பிறகே போனார். தாமதமும் இல்லை, தங்கையைத் தெருவில் விடவும் இல்லை.

---

படகில்விடப்பட்டவள்

சிலுவையைப் பார்த்தபடி அந்த அம்மா நின்றதை நான் கவனித்ததே இல்லை. அவரை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், இல்லையா? "நீங்களும் வாங்க" என்று.

---

இரவில்வந்தவள்

இது என் இழை இல்லை, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஒன்றரை வருடமாக வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஞானஸ்நானம் எடுக்க ஆசை. ஒரு போதகர், எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று ரதத்தை நிறுத்தினான், நீ எதற்குக் காத்திருக்கிறாய் என்கிறார். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. காத்திருந்தால் அவிசுவாசமா?

---

பழையசுருள்

மகளே, மந்திரி அன்றே எடுத்தான், பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே எடுத்தான். அது உண்மை. பிற்காலத்துச் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம் உபதேசம் கேட்கச் செய்த ஒழுங்கும் இருந்தது, அதுவும் உண்மை. அந்த மூன்று வருடமும் அவர்கள் கிறிஸ்துவை விட்டு வெளியே நின்றதாக யாரும் நினைக்கவில்லை. நீ ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறாய்.

உன் பெயரை நீயே தேர்ந்தெடுத்திருக்கிறாய், அதனால் நிக்கொதேமுவை முழுக்கப் படி. யோவான் 3-ல் இரவில் வந்தான். 7-ல் ஆலோசனைச் சங்கத்தில் பயந்தபடியே ஒரு கேள்வி கேட்டான். 19-ல் எல்லாரும் ஓடின பிறகு ஏறக்குறைய நூறு இராத்தல் கந்தவர்க்கம் தூக்கிக்கொண்டு வெளிப்படையாக வந்தான். மூன்று அடி வைத்தான், மூன்றும் முன்னோக்கித்தான்.

பாதுகாப்பைப் பற்றி: உன்னை நேரில் தெரிந்த, நம்பிக்கையான மூத்த பெண் ஒருவரிடம் முதலில் பேசு. இங்கே எழுதுகிற யாரும், நானும் சேர்த்துத்தான், உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கப்போவதில்லை.

---

சாயங்காலநடை

தம்பி வலைகழுவுகிறவனே, நான் 40 வருடம் சபை ஊழியத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். எல்லாரும் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். உன்னிடம் ஒரு கேள்விதான். 19 வயதில் அந்த இரவு நீ கேட்டது என்ன? பிரசங்கியார் சொன்னது வேண்டாம், நீ உனக்குள் கேட்டதைச் சொல்.

---

வலைகழுவுகிறவன்

ஐயா, இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்குள் வந்தது "என்னைப் பின்பற்றி வா" என்பது மட்டும்தான். முழுநேர ஊழியம் என்பது மேடையிலிருந்து வந்தது. முழுநேரமாகப் போகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார்கள், உயர்த்தினேன். இரண்டும் ஒன்று என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

சாயங்காலநடை

நானும் நிறைய வாலிபரை அப்படிக் கை உயர்த்த வைத்திருக்கிறேன் தம்பி. அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

என் ஊழியத்தில் கண்டதைச் சொல்கிறேன். மனுஷன் பெரிய அழைப்பைத் தள்ளிப்போடுவது வெளியே தெரியும், அவனும் அதைச் சொல்லி அழுவான். ஆனால் பல நேரம் அந்தப் பெரிய அழைப்புக்குப் பின்னால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சின்ன காரியம் ஒளிந்திருக்கும். "நான் வேலையை விட வேண்டுமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கப் பத்து வருடம் ஆகலாம். அதுவரை அந்தச் சின்னதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ளலாம். நானும் அப்படி இருந்தேன். பட்டம்பெற்ற போதகனாக இருந்துகொண்டே என் சொந்த அக்காவிடம் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தேன்.

"முன்பு" என்ற சொல்லை நீ பிடித்தது சரி. கிரேக்கத்தில் அது "முதலாவது" என்ற சொல்தான். முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள் என்பதிலும் அதே சொல். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்காருகிறான் என்பதிலும் அதே சொல். அப்புறம் மத்தேயு 5:24. பலிபீடத்துக்கு முன்னால் காணிக்கையை வைத்துவிட்டு, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு. அங்கே "முன்பு" சொல்கிறவர் இயேசு. சில "முன்பு"களை அவரே வைக்கிறார். எது முதலில் என்று வரிசை போடுவது யார் என்பதுதான் கேள்வி.

அதனால் கேட்கிறேன், பதில் இங்கே எழுத வேண்டியதில்லை. இந்த 18 வருட ஜெபத்தில் எந்த இடம் வரும்போது நீ பேச்சை மாற்றுகிறாய்?

---

கோபுரக்கணக்கு

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. அகுஸ்தீனாரைப் பற்றி நிறையப் பேர் "கற்பைத் தா ஆண்டவரே, ஆனால் இப்போது வேண்டாம்" என்ற அவருடைய இளமைக்கால ஜெபத்தோடு நிறுத்திவிடுவார்கள். 386-ல் மிலான் தோட்டத்தில் ரோமர் 13-ஐ வாசித்து முடிவெடுத்த பிறகு அவர் என்ன செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் பேச்சுக்கலை ஆசிரியர். முடிவெடுத்த மறுநாள் வகுப்பை விட்டு ஓடவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறக்குறைய இருபது நாள் இருந்தது. அதுவரை அமைதியாகப் பாடம் நடத்தி, பிறகு விலகினார். ஊர் பேசும்படி ஆர்ப்பாட்டமாக விட அவருக்கு விருப்பம் இல்லை. அடுத்த வருடம் பாஸ்கா சமயத்தில் மிலான் பிஷப் அம்புரோசிடம் ஞானஸ்நானம்.

இருதயம் அந்தத் தோட்டத்திலேயே திரும்பிவிட்டது. ராஜினாமாவுக்கு இருபது நாள். அந்த இருபது நாளை அவிசுவாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 21 வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

---

கலப்பைப்பிடி

இதை ஏற்கிறேன் அண்ணா. அந்த இருபது நாளுக்கு ஒரு முடிவு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பவுலும் தமஸ்குவில் உடனே பிரசங்கித்தார், ஆனால் அரபி தேசம் போய், எருசலேமுக்கு வர மூன்று வருடம் ஆனது என்று கலாத்தியரில் எழுதுகிறார். கீழ்ப்படிவது வேறு, பதவிக்கு வருவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன். ஆனால் பேலிக்ஸைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்க மாட்டேன். அந்த நடுக்கம் உண்மையாகவே போய்விடும். என் சித்தப்பா விஷயத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

---

வலைகழுவுகிறவன்

ஐந்து நாள் எழுதவில்லை. சாயங்காலநடை ஐயா இங்கே பதில் வேண்டாம் என்றார். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் மறுபடி நழுவிவிடுவேன்.

நான் பேச்சை மாற்றுகிற இடம் என் தம்பி. அப்பாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலமே வீட்டைப் பிரிப்பதில் வாக்குவாதம் வந்தது. நான் மூத்தவன், சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். ஆறு வருடம். அம்மா எங்கள் வீட்டில் இருக்கிறார், அவன் அம்மாவோடு போனில் பேசுவான், நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன். லூக்கா 9-ல் "தகப்பனை அடக்கம்பண்ண" என்ற இடத்தில் நான் ஏன் இரண்டு வாரம் நின்றேன் என்று இப்போது புரிகிறது.

முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டுமா என்று ஆறு வருடமும் ஜெபித்தேன். அவனுக்காக ஒரு தரம்கூட ஜெபிக்கவில்லை.

நேற்று இரவு அம்மாவிடம் சொன்னேன், தம்பிக்குப் போன் பண்ணப்போகிறேன் என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, போனை எடுத்து என் கையில் வைத்தார். முதல்முறை எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். "அம்மாவுக்கு என்ன?" என்றான். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நான்தான் பேச வேண்டும், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். அந்தப் பக்கம் நிறைய நேரம் சத்தமே இல்லை. அப்புறம், வேலையில் இருக்கிறேன் அண்ணா, நாளைக்கு ராத்திரி பேசலாம் என்றான்.

"நாளைக்கு" என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. இல்லை இப்போதே பேசு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறு வருடம் அவனைக் காக்கவைத்தவன் நான். அவனுக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

வேலையைப் பற்றி இன்னும் எதுவும் தெளிவாகவில்லை. ஐயா, அதைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

---

சாயங்காலநடை

எப்போது வேண்டுமானாலும் எழுது தம்பி. வேலை விஷயம் எங்கும் போய்விடாது. உன் சபையில் உன்னைத் தெரிந்த இரண்டு பேரையும், உன் மனைவியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள். மனைவியை முதலில்.

---

இரவில்வந்தவள்

நான் நேற்று ஒரு அக்காவிடம் பேசினேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

---

படகில்விடப்பட்டவள்

இரவில்வந்தவளுக்காக ஜெபிக்கிறேன்.

வலைகழுவுகிற அண்ணா, அந்தப் போனை எடுத்த பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். போன வருடம் அப்பா என்னைக் கூப்பிட்டு, உங்களைக் கேட்காமல் போய்விட்டேன் என்றார். மறுநாள் பேசலாம் என்றுதான் நானும் சொன்னேன். மறுநாள் காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேலை ஓடவில்லை. உங்கள் தம்பியும் இன்று அப்படித்தான் இருப்பார். சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலும் அவருக்குப் பழைய அண்ணன்தான் ஞாபகம் வருவார்.

---

வலைகழுவுகிறவன்

எட்டரைக்குச் சொல்லியிருக்கிறான். எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன் தங்கச்சி. அம்மா இப்போதே நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டார்.